காதில் ஒட்டிய பொட்டு

அவருக்கு இடது காது மடல் இரண்டாகப் பிளந்திருக்கும். வலது காதில் மட்டும் தோடு போட்டிருப்பார். இடது பக்கத்து முடியைக் காதுக்கு முன்னால் இழுத்துவிட்டிருப்பார். பேசும்போதெல்லாம் கை தானாக அங்கே போய் முடியைச் சரிசெய்துகொண்டே இருக்கும். மலேசியாவின் கிள்ளானில் நாங்கள் குடியிருந்த பிளாட்டில் அவரைத் தெரியாதவர்கள் இல்லை. மூன்றாம் மாடியில் அவர், நான்காம் மாடியில் நாங்கள். நானும் என் மனைவியும் வேலைக்குப் போகும் நாட்களில் எங்கள் மகளைப் பார்த்துக்கொண்டவர் அவர்தான். என்னைவிடப் பதினைந்து வயதாவது மூத்தவர். நான் அக்கா என்று கூப்பிடுவேன், மகள் ஆன்டி என்று கூப்பிடுவாள்.

மகளுக்கு இப்போது பதினாறு வயது. அந்த அக்கா ஜோகூரில் மகன் வீட்டுக்குப் போய்ப் பத்து வருடத்துக்கு மேல் ஆகிறது. அதற்குப் பிறகு நான் அவரைப் பார்க்கவில்லை. ஆனால் கோபம் போகவில்லை. அவரைப் பற்றிப் பேச்சு வந்தால் எல்லோரும் நல்ல மனுஷி என்பார்கள். நானும் மறுப்பதில்லை. கெட்டவர் மேல் இருந்த கோபமென்றால் இத்தனை நாளில் ஆறியிருக்கும்.

காது அறுந்த கதையை அவரே என் மனைவியிடம் சிரித்துக்கொண்டு சொல்லியிருக்கிறார். பாசாரில் மீன் வாங்கிக்கொண்டு நடந்து வந்தபோது மோட்டார் சைக்கிளில் வந்த இருவரில் பின்னால் உட்கார்ந்திருந்தவன் சங்கிலியைப் பறிக்கக் கையை விட்டானாம். சங்கிலி வரவில்லை. தோடு வந்தது, காதும் கிழிந்தது. அவர் கழுத்தில் வழிந்த ரத்தத்தைத் துண்டால் அமுக்கிக்கொண்டு வீட்டுக்கு நடந்து வந்து, மீனைக் கழுவி, குழம்பு வைத்திருக்கிறார். கணவர் ஜோகூருக்கு லோரி ஓட்டுபவர். இரண்டு நாள் கழித்து வந்தவர், "காதுல என்னா துணி?" என்று கேட்டதற்கு, "ஒன்னும் இல்ல லா, கொசு கடிச்சுச்சு, சொறிஞ்சிட்டேன்" என்றாராம். தையல் போட்டிருக்க வேண்டிய காது. தையல் போடும் நாளெல்லாம் தாண்டிய பிறகுதான் அந்த மனிதர் முடியை விலக்கிப் பார்த்தார்.

என் மனைவி இதை என்னிடம் சொல்லிவிட்டு, "கொசுவாம்! எந்த ஊரு கொசு தோட்டையும் சேத்துத் தூக்கிட்டுப் போவுது?" என்று சிரித்தாள். நானும் சிரித்தேன். அப்போது அது எங்களுக்கு வேடிக்கையாகத்தான் இருந்தது.

"ஒன்னும் இல்ல லா." ஒரு நாளைக்கு எத்தனை முறை சொல்வாரோ தெரியாது. பால் பொங்கி அடுப்பு அணைந்தாலும் ஒன்னும் இல்ல லா. மாடிப்படியில் வழுக்கி விழுந்து முழங்கால் வீங்கினாலும் ஒன்னும் இல்ல லா. தன் விஷயத்தில் மட்டும் அப்படி இருந்தால் நான் ஏன் எழுதப் போகிறேன்? மற்றவர்களுக்கு வர வேண்டிய கெட்ட செய்தியையும் அவரே நடுவில் நின்று வாங்கி, மடித்து எங்கேயாவது வைத்துவிடுவார். அவர்கள் வருத்தப்படக் கூடாதாம். அதுதான் அவருடைய அன்பு.

அவர் வீட்டில் ஒரு கண்ணாடிக் குடுவையில் ஆரஞ்சு நிற மீன் ஒன்று இருந்தது. என் மகளுக்கு அதன் மேல் உயிர். அந்த மீன் எத்தனையோ முறை செத்திருக்கிறது. ஒவ்வொரு முறையும் குழந்தை வருவதற்குள் பாசார் மாலாம் இரவுச் சந்தையில் வாங்கி வைத்திருந்த வேறொரு மீனை எடுத்து விட்டுவிடுவார். இதற்காகவே குளியலறையில் ஒரு வாளியில் இரண்டு மீன் எப்போதும் இருக்கும். ஒரு நாள் நான் மகளைக் கூப்பிடப் போனபோது அவள் குடுவைக்கு முன்னால் குந்தியிருந்தாள்.

"ஆன்டி, மீனு ஏன் சின்னதாயிருச்சு?"

"டயட்ல இருக்கு லா, பாப்பா."

"நேத்து வாலு நீட்டமா இருந்துச்சு."

"முடி வெட்டிக்கிச்சு."

நான் வாசலில் நின்று வாயை மூடிக்கொண்டு சிரித்தேன். அவர் என்னைப் பார்த்துக் கண்ணடித்தார். குழந்தைக்குச் சாவைச் சொல்லாமல் இருப்பது நல்லதுதானே என்று அன்று எனக்குத் தோன்றியது.

கடிதங்களும் அவரிடம்தான் போகும். நான் ஜெஞ்சாரோம் பக்கம் தோட்டத்துத் தமிழ்ப் பள்ளியில் ஆறாம் வகுப்போடு நின்றவன். மலாய் பேசுவேன். ஆனால் அரசாங்கத்துக் கடிதம் என்றால் இரண்டு வரிக்கு மேல் எனக்குப் போகாது. வேறு யாரிடமாவது காட்டவும் கூச்சம். எங்கள் பிளாட்டில் என்னைப் போல் பலர். அந்த அக்கா படிவம் மூன்று, அதாவது ஒன்பதாம் வகுப்பு, வரை படித்தவர். கண்ணாடியை மூக்கில் இறக்கிப் போட்டுக்கொண்டு, கடிதத்தைத் தூரப் பிடித்துப் படித்து, நமக்குத் தமிழில் சொல்வார். சொல்லும்போது முகம் கொஞ்சமும் மாறாது.

நான் போர்ட் கிள்ளானில் ஒரு கிடங்கில் போர்க்லிப்ட் ஓட்டுகிறேன். ஒரு வருடம் எங்கள் எல்லோருக்கும் உடல் பரிசோதனை செய்தார்கள். தீபாவளிக்கு இரண்டு வாரம் இருக்கும்போது எனக்கு ஒரு கடிதம் வந்தது. அவரிடம் கொடுத்தேன். படித்தார். மடித்தார்.

"எல்லாம் ஓகே லா, தம்பி. தீவாளி முடிஞ்சு ஒரு நாளு சும்மா வந்து காட்டிட்டுப் போவச் சொல்றாங்க."

தீபாவளி முடிந்து, விருந்தாளிகள் வந்து போய், ஐந்து வாரம் கழித்துத்தான் கிளினிக்குக்குப் போனேன். முகப்பில் இருந்த பெண் கடிதத்தைப் பார்த்துவிட்டு என்னைத் திட்டினாள். நெஞ்சுப் படத்தில் ஏதோ சந்தேகமாக இருந்ததாம். ஒரு வாரத்துக்குள் வர வேண்டும் என்று தடித்த எழுத்தில் போட்டிருந்ததாம். மறுபடி படம் எடுத்தார்கள். பழைய சளித் தழும்பு, பயப்பட ஒன்றுமில்லை என்றார்கள். திரும்பி வந்து அக்காவிடம் சொன்னேன். "எனக்குத் தெரியும் லா. தீவாளி நேரத்துல உங்கள எதுக்குப் பயமுறுத்தணும்? நல்லா சாப்ட்டீங்களா இல்லையா?" என்று கேட்டார். நன்றாகத்தான் சாப்பிட்டிருந்தேன். அவருக்கு நன்றி சொன்னேன். இதை மறைக்கக் கூடாது என்றுதான் எழுதுகிறேன். அன்று நான் அவருக்கு நன்றி சொன்னேன்.

என் மகளை அவர் பார்த்துக்கொண்டதில் ஒரு குறை சொல்ல முடியாது. என் மனைவி கையுறைத் தொழிற்சாலையில் காலை ஏழிலிருந்து இரவு ஏழு வரை வேலை செய்தாள். நான் ஐந்தரைக்குப் போய்க் கூப்பிடும்போது பிள்ளை குளித்து, பவுடர் போட்டு, வயிறு நிறைந்து உட்கார்ந்திருப்பாள். ஒரு நாள்கூட, தனக்கு முடியவில்லை, நாளைக்குப் பிள்ளையை விடாதீர்கள் என்று அவர் சொன்னதில்லை. சில நாள் காய்ச்சலோடு பார்த்துக்கொண்டார் என்பது பிறகுதான் தெரியும். தெரிந்து கேட்டாலும் ஒன்னும் இல்ல லா.

மகளுக்கு இரண்டு வயதிலேயே காது குத்தியிருக்க வேண்டும். என் மாமியார் இறந்ததால் அந்த வருடம் எந்த நல்ல காரியமும் செய்யவில்லை. அடுத்த வருடம் குழந்தைக்கு ஒன்று மாற்றி ஒன்று உடம்புக்கு வந்தது. கடைசியில் நான்கு வயதில் பிரிக்பீல்ட்ஸில் ஒரு நகைக் கடையில் வைத்துக் குத்தினோம். என் மனைவியின் அண்ணன் அங்கேதான் இருக்கிறார். அவர் மடியில் உட்கார வைத்தோம். தாய்மாமன் வாங்கிய தோடு, தங்கத்தில் ஒரே ஒரு சிவப்புக் கல், பின்னால் திருகாணி. குத்தியபோது மகள் போட்ட சத்தத்தில் தெருவில் போனவர்கள் நின்று பார்த்தார்கள். மாமனின் சட்டைப் பொத்தான் ஒன்று பிய்ந்து போயிற்று. "என்னா குரலு! பெரியவளானா ரயில் ஸ்டேஷன்ல அறிவிப்பு செய்ய விட்டுடலாம்" என்று மாமன் சிரித்தார். அவள் அடுத்த நாள் வரை எங்கள் யாரோடும் பேசவில்லை. அந்த அழுகையை நான் அடிக்கடி நினைத்துக்கொள்வேன். வலித்தது, கத்தினாள், கோபித்துக்கொண்டாள். குழந்தை என்றால் அப்படித்தானே?

மனைவி ஒரு வாரம் விடுப்பு எடுத்துக் காதைப் பார்த்துக்கொண்டாள். பிறகு மகளை மறுபடி அக்கா வீட்டில் விட்டோம். முதல் நாளே அக்கா என்னிடம் சொன்னார். "எண்ணெய் நானே போட்டுடறேன், தம்பி. நீங்க தொடாதீங்க. ஆம்பள கை முரடு." எனக்கு நிம்மதியாக இருந்தது. புதுக் காதைத் தொட எனக்கும் பயம்தான்.

அன்றிலிருந்தே, எங்களுக்குத் தெரியாமல், நான் மகளை விட்டுவிட்டுப் படியிறங்கியதும் அவர் இரண்டு தோட்டையும் கழற்றி டிஷ்யூவில் சுற்றி மைலோ டின்னில் போட்டு வைத்திருக்கிறார். பிள்ளையைக் கூட்டிக்கொண்டு பாசாருக்குப் போக வேண்டும், தங்கத்தைப் பார்த்து எவனாவது இழுத்துவிட்டால் என்ன செய்வது என்ற பயம். நான் ஐந்தரைக்கு வருவதற்குள் மறுபடி மாட்டிவிடுவார். குத்தி ஒரு வாரமே ஆன காது. தினமும் காலையில் கழற்றி மாலையில் குத்தி ஏற்றினால் என்ன ஆகும்? மடலின் பின்பக்கம் வீங்கியது. சீழ் வைத்தது. மாட்டும்போது பிள்ளை வலி தாங்காமல் துடித்திருக்கிறாள். இரண்டு வாரம் இப்படிப் போயிருக்கிறது. பிறகு ஒரு திங்கட்கிழமை மாலை தோடு உள்ளே போகவே இல்லை.

அப்போதாவது என்னிடம் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. பொட்டுக் கடையில் சிவப்புக் கல் வைத்த ஒட்டுப் பொட்டு விற்பார்கள், சுற்றிலும் தங்க நிறக் கரை போட்டது. அதில் அளவு பார்த்து வாங்கி வைத்திருந்தார். இரண்டை எடுத்து என் மகளின் காது மடலில் ஒட்டி, பக்கத்து முடியை அவிழ்த்து முன்னால் விட்டு அனுப்பினார்.

நான் கவனிக்கவில்லை. முன்னால் பார்த்தால் தோடு மாதிரியே இருந்தது. பின்னால் யார் பார்க்கிறார்கள்? மனைவி வீட்டுக்கு வர எட்டு மணியாகும். அதற்குள் பிள்ளை தூங்கிவிடுவாள். மனைவி விளக்கைப் போட்டுக் காதில் சிவப்புக் கல் தெரிகிறதா என்று பார்ப்பாள். தொட்டால் எழுந்துவிடுவாளோ என்று தொடமாட்டாள். ஒரு நாள் காலையில் மகளின் தலையணையில் ஒரு சிவப்புக் கல் கிடந்தது. மனைவியின் பொட்டு என்று நினைத்து எடுத்துக் கண்ணாடியில் ஒட்டி வைத்தேன். அன்று மகள் ஒரு கையால் காதைப் பொத்திக்கொண்டுதான் படியிறங்கினாள். குளிருகிறதா என்று கேட்டேன். ஆமாம் என்றாள்.

விடுப்பு எடுத்ததற்கு ஈடாகச் சனி ஞாயிறும் வேலைக்குப் போன மனைவிக்கு அந்தச் சனிக்கிழமைதான் முதல் விடுமுறை. மகளுக்குத் தலைக்கு ஊற்றிக்கொண்டிருந்தவள் குளியலறையிலிருந்து என்னைக் கூப்பிட்ட குரல் இன்னும் என் காதில் இருக்கிறது. ஓடினேன். அவள் விரல் நுனியில் சிவப்புக் கல் ஒட்டிக்கொண்டிருந்தது.

"தோடு உடைஞ்சிருச்சா?" என்றேன்.

"பொட்டுங்க இது. பொட்டு."

காதில் ஓட்டை இல்லை. முன்னால் கறுத்த ஒரு புள்ளி, பின்னால் காய்ந்த பொருக்கு. சுற்றிலும் சிவந்து, தொட்டாலே சுட்டது. என் மனைவி மெதுவாக அழுத்தினாள். பிள்ளையின் தோள் தூக்கிப் போட்டது. வாய் மட்டும் திறக்கவில்லை.

"வலிக்குதாம்மா?"

"ஒன்னும் இல்லம்மா."

நான்கு வயதுக் குழந்தை அப்படிச் சொல்வதை நீங்கள் கேட்டிருக்கிறீர்களா? என் மனைவி பிள்ளையின் முகத்தைப் பிடித்துக்கொண்டு, ஏன் எங்களிடம் சொல்லவில்லை என்று கேட்டாள்.

"அப்பா வேல செஞ்சிட்டு டயர்டா வருவாங்க. சொன்னா அழுவாங்க. நாம சொல்லக் கூடாது. ஆன்டியும் நானும் பிராமிஸ்."

நான் உடனே மூன்றாம் மாடிக்கு இறங்கினேன். பதினெட்டுப் படி. அதற்குள் என்னென்னவோ சொல்ல வேண்டும் என்று மனதில் அடுக்கிக்கொண்டேன். கம்பிக் கதவுக்குப் பின்னால் அவர் வந்து நின்றார். என் முகத்தைப் பார்த்ததும் அவருக்குப் புரிந்துவிட்டது. நான் வாயைத் திறப்பதற்குள் உள்ளே போய் டிஷ்யூப் பொட்டலத்தைக் கொண்டு வந்தார்.

"இந்தாங்க, தம்பி. ரெண்டு தோடும் இருக்கு, திருகாணியும் இருக்கு. பத்திரமா வச்சிருக்கேன்."

"ஏன்க்கா சொல்லல?"

"சொன்னா நீங்க தாங்க மாட்டீங்க லா. புள்ளயும் அழுவல. ஒன்னும் இல்ல, ஆறட்டும், திரும்பக் குத்திக்கலாம்."

"இல்லக்கா, அது..."

அப்போது அவர் இடது பக்கத்து முடியை ஒதுக்கினார். அத்தனை வருடத்தில் முதல் முறையாக. பிளந்த மடல் இரண்டு துண்டாகத் தொங்கிக்கொண்டிருந்தது. "இதப் பாருங்க. இந்த மாதிரி ஆயிருந்தா என்னா செஞ்சிருப்பீங்க?" என்றார்.

நான் என்ன சொல்ல முடியும்? சொல்ல இருந்தது என்று இப்போது தெரிகிறது. பயந்தீர்கள் சரி, கழற்றினீர்கள் சரி. மாலையில் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் தங்கமே வேண்டாம் என்று ஒரு வேப்பங்குச்சியைச் சொருகி விட்டிருப்போம், ஓட்டையும் மூடியிருக்காது. ஓட்டை கிடக்கட்டும், அது சதை. பிள்ளையிடம் எதற்குச் சத்தியம் வாங்கினீர்கள்? வலியை அப்பனிடம் சொல்லக் கூடாது என்று என் பிள்ளைக்குச் சொல்லிக்கொடுக்க நீங்கள் யார்? இதையெல்லாம் நான் கேட்டிருக்க வேண்டும். கேட்கவில்லை. பொட்டலத்தை வாங்கிக்கொண்டு, "பரவால்லக்கா" என்று சொல்லிவிட்டு வந்தேன்.

மனைவி வாசலிலேயே நின்றாள். "என்னா சொன்னீங்க?"

"பரவால்லன்னு சொன்னேன்."

"பரவால்லயா? யாருக்குப் பரவால்ல? உங்க காதா அது? தள்ளுங்க, நான் போறேன்."

நான் நகரவில்லை. திங்கட்கிழமை பிள்ளையை எங்கே விடுவது என்று கேட்டேன். பாலர் பள்ளியில் இடம் கிடைக்கும் வரை இன்னும் பன்னிரண்டு நாள் அதே வீட்டில்தான் விட்டோம். அந்தப் பன்னிரண்டு நாளும் அவர் என்னைப் பார்த்து எப்போதும்போல் சிரித்தார். நானும் சிரித்தேன். என் மேல் எனக்கு இருக்கும் கோபத்தில் பாதி அந்தச் சிரிப்புக்குத்தான்.

அதற்குப் பிறகு வீட்டில் வேறு மாதிரி ஆகிவிட்டது. பாலர் பள்ளியில் யாரோ தள்ளிவிட்டு உள்ளங்கை சிராய்த்து வந்தாள். மூன்று நாள் கையை மூடியே வைத்திருந்தாள். சோற்றில் உப்பு அதிகமானாலும் சொல்லமாட்டாள், என் முகத்தைப் பார்த்துக்கொண்டே விழுங்குவாள். நான் வீட்டுக்குள் நுழைந்ததும் செருப்பைக் கழற்றுவதற்குள், "அப்பா டயர்டா?" என்று கேட்பாள். பார்க்கிறவர்கள் என்ன பொறுப்பான பிள்ளை என்றார்கள். அந்த அக்கா என்னிடமிருந்து என் பிள்ளையைத் தள்ளி வைத்துவிட்டார், அதுவும் அன்பு என்ற பெயரில். இதை யாரிடம் போய்ப் புகார் செய்வது?

மூன்று மாதம் கழித்து, ஒரு ஞாயிற்றுக்கிழமை, கிள்ளான் லிட்டில் இந்தியாவில் ஒரு நகைக் கடைக்கு மகளைக் கூட்டிக்கொண்டு போனேன். மனைவி வரவில்லை. இரண்டாவது முறை பார்க்க என்னால் ஆகாது என்று சொல்லிவிட்டாள். மாமனையும் கூப்பிடவில்லை, அவரிடம் காது மூடிய கதையைச் சொல்ல எனக்கு வெட்கம். என் மடியில் உட்கார வைத்தேன். காது குத்துபவர் தமிழ்நாட்டிலிருந்து வேலைக்கு வந்தவர், நல்ல கை என்று பெயர். விரலால் மடலை உருட்டிப் பார்த்தார்.

"அதே இடத்துல குத்த முடியாது சார். உள்ள சதை கெட்டிப்பட்டுப் போயிருக்கு. கொஞ்சம் மேல தள்ளிக் குத்துறேன். வலி கொஞ்சம் கூடத்தான் இருக்கும்."

பேனாவால் புள்ளி வைத்தார். மகள் திரும்பி என்னைப் பார்த்தாள். "அப்பா, நீங்க கண்ண மூடிக்குங்க" என்றாள்.

மூடவில்லை. ஊசி இறங்கியது. அவள் நகம் என் உள்ளங்கையில் பதிந்தது. இரண்டு கண்ணிலிருந்தும் தண்ணீர் நேராக இறங்கி மோவாயில் சொட்டியது. வாயை இறுக்கி மூடியிருந்தாள்.

"வலிச்சா கத்தும்மா" என்றேன்.

"வலிக்கலப்பா."

"பரவால்ல, கத்து."

"ஒன்னும் இல்லப்பா."

அடுத்த காதும் ஆயிற்று. சத்தமே இல்லை. கடையிலிருந்த பெண்கள் கை தட்டினார்கள். "இப்படி ஒரு சமத்துப் பாப்பாவ நான் பார்த்ததே இல்ல சார்" என்று காது குத்தியவர் ஒரு மிட்டாய் கொடுத்தார். அவள் மிட்டாயை வாங்கிக்கொண்டு எல்லோருக்கும் நன்றி சொன்னாள். எனக்கு அந்தக் கடையில் இருந்த கண்ணாடிப் பெட்டியையெல்லாம் உடைக்க வேண்டும்போல் இருந்தது. நான்கு மாதத்துக்கு முன்னால் பிரிக்பீல்ட்ஸ் தெருவையே நிறுத்திய குழந்தை இது.

பிளாட்டுக்கு வந்து படியேறினோம். மூன்றாம் மாடியில் கம்பிக் கதவு திறந்திருந்தது. அவர் வாசலில் வெங்காயம் உரித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். எங்களைப் பார்த்ததும் கையைத் துடைத்துக்கொண்டு எழுந்தார்.

"ஆயிருச்சா? வாங்க வாங்க, பாப்போம்." குனிந்து, என் மகளின் முடியை மெல்ல விலக்கிப் பார்த்தார். "அழகா இருக்கு லா. வலிச்சுச்சா, தங்கம்?"

"ஒன்னும் இல்ல, ஆன்டி."

"பாத்தீங்களா, தம்பி? என் புள்ள."

என் புள்ள என்று அவர் சொன்னதுதான் தாமதம். அவரைப் பார்த்துத்தான் வாயைத் திறந்தேன். ஆனால் எனக்குப் பெரியவர்களைப் பார்த்துக் கத்திப் பழக்கமில்லை. கண் கீழே இறங்கிவிட்டது. சத்தம் என் மகள் மேல் போய் விழுந்தது.

"பொய் சொல்லாத! வலிச்சுச்சா இல்லயா? சொல்லு! வலிச்சுச்சுன்னு சொல்லு!"

என் குரல் படிக்கட்டு முழுக்க எதிரொலித்தது. மேல் மாடியில் ஒரு கதவு திறந்தது. என் வாழ்நாளில் நான் அப்படிக் கத்தியதில்லை. மகள் சுவரோடு ஒட்டிக்கொண்டாள். மிட்டாய் கையிலிருந்து விழுந்து படியில் உருண்டது.

அவள் என்னைப் பார்க்கவில்லை. தலையைத் தூக்கி அவரைப் பார்த்தாள். சொல்லலாமா என்று கேட்கும் பார்வை அது.

அவர் முகத்தில் அந்த எப்போதும் உள்ள சிரிப்பு இல்லை. கை மட்டும் இடது காதுக்குப் போயிற்று. பிறகு மிகவும் மெதுவாக, "சொல்லும்மா. அப்பாகிட்ட சொல்லு" என்றார்.

அவ்வளவுதான். இத்தனை மாதமாக அடைத்து வைத்திருந்ததெல்லாம் உடைந்து வந்தது. "வலிக்குது! வலிக்குது!" என்று கத்தினாள். இரண்டு காதையும் பொத்திக்கொண்டு, கால் உதைத்து, மூச்சு வாங்காமல் கத்தினாள். நான் கையை நீட்டிக்கொண்டு குனிந்தேன். அவள் என்னைத் தாண்டி ஓடிப் போய் அவருடைய கால்களைக் கட்டிக்கொண்டு அழுதாள்.